தாங்குமதில் யாருடையது?

கண்டியில் சரிவான காணியொன்றில் எழுந்த எங்கள் தொடர்மாடியின் முகாமைத்துவக் குழுவில் இருப்பதால், மழைக்காலம் நெருங்கும்போதெல்லாம் ஒரு கேள்வியை எதிர்கொள்கிறேன்: பின்புறத் தாங்குமதிலைத் திருத்தும் செலவை மேல்மாடிக்காரரும் ஏன் ஏற்க வேண்டும்?

தொடர்மாடி உரிமை பற்றிய 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டமும் அதன் திருத்தங்களும், தனி அலகுகளுக்குள் அடங்காத நிலத்தையும் கட்டடப் பகுதிகளையும் பொதுக்கூறுகளாகக் கொண்டு, அவற்றில் ஒவ்வோர் உரிமையாளருக்கும் பிரிக்கப்படாத பங்கை அளிக்கின்றன. தாங்குமதிலும் அத்தகைய பொதுக்கூறே; ஆகவே அது கீழ்மாடியை மட்டுமே காக்கிறது என்ற வாதம் நிற்காது. பராமரிப்புப் பணமும் அலகின் பங்குப் பெறுமதிக்கேற்பவே, அதாவது பொதுக்கூறுகளில் அந்த அலகுக்குக் குறிக்கப்பட்ட பங்கின் அளவுக்கேற்பவே, கணிக்கப்படுகிறது. யார் எவ்வளவு பயனடைகிறார் என்பது அங்கே அளவுகோல் அன்று.

அலகு உரிமையாளர் அனைவரையும் உள்ளடக்கிய முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் வழக்குத் தொடரவும் வழக்குத் தொடரப்படவும் கூடிய சட்ட ஆள் என்பதால், நிலுவையை நீதிமன்றத்தினூடாகக் கோரலாம். பணம் தராதவரின் தண்ணீரைத் துண்டிப்பது (எங்கள் குழுவிலும் அந்த யோசனை எழாமலில்லை) என் பார்வையில் ஆபத்தான குறுக்குவழி. மதில் சரிந்து அயல்வீடு சேதமுற்றால், எதிராளியாக நிறுத்தப்படக்கூடியதும் இதே கூட்டுத்தாபனம்தான். அதனாலேயே பொறியியலாளரின் அறிக்கையையும், அதன்மீது எடுத்த தீர்மானத்தின் கூட்டக் குறிப்பையும் தவறாமல் கோப்பிலிடும்படி வற்புறுத்துகிறேன்.