கத்தார் உலகக் கோப்பை டிக்கெட்டும் ஜிபே கேட்ட அண்ணனும்

மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் எங்களோடு விளையாடுகிறவர்கள் கொஞ்ச நாளாக ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: கால்பந்து உலகக் கோப்பை டிக்கெட்டை ஏமாறாமல் எப்படி எடுப்பது? 2022-இல் நானும் என் சித்தி மகனும் கத்தாருக்குப் போய்வந்ததால் வரும் கேள்வி. பதில் ஒரு வரிதான். போட்டியை நடத்தும் உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் சொந்தத் தளத்தைத் தவிர வேறெங்கும் வாங்காதே. ஆனால் அந்த ஒரு வரியைக் கடைசிவரை காப்பாற்றுவது லேசுப்பட்ட வேலையில்லை.

முதலில் தளத்தில் கணக்கு தொடங்க வேண்டும். கூகுளில் தேடிப் போகாதீர்கள். தேடினால் மேலே வந்து நிற்பது பெரும்பாலும் காசு கொடுத்துப் போட்ட விளம்பரம். ஃபிஃபா டாட் காம் என்று கையால் அடித்துப் போவது நல்லது. அடுத்தது பெயர். நம்மூரில் இனிஷியல் வைத்தே பழகிவிட்டோம். ஆதாரில் ஒரு மாதிரி, பேங்கில் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக நீண்டு குடும்பப் பெயராக உட்கார்ந்திருக்கும். இங்கே பாஸ்போர்ட்டில் இருப்பதுதான் செல்லும். டிக்கெட், நாட்டுக்குள் நுழையும் அனுமதி, விமான டிக்கெட் எல்லாம் அந்தப் பெயரிலும் எண்ணிலும்தான் கோர்க்கப்படுகின்றன. தம்பி தன் பெயரை இனிஷியலோடு பதியப் போனான். "அதெல்லாம் கண்டுக்க மாட்டாங்கண்ணே" என்றவனிடமிருந்து பாஸ்போர்ட்டை வாங்கி நானே எழுத்தெழுத்தாகப் பார்த்து நிரப்பினேன்.

டிக்கெட்டைக் கட்டம் கட்டமாக விற்றார்கள். 2022 ஜனவரி, பிப்ரவரியில் முதல் குலுக்கல். 20 நாளில் 1.7 கோடி டிக்கெட்டுகளுக்கு விண்ணப்பம் குவிந்தது. அதிகம் கேட்ட நாடுகளில் இந்தியாவும் ஒன்று. எந்த அணி எந்தப் பிரிவில் என்று ஏப்ரல் 1-ஆம் தேதி முடிவான பிறகு, அதே மாதத்தில் இரண்டாவது குலுக்கல். நாங்கள் இதில்தான் போட்டோம். அர்ஜென்டினா, பிரேசில் என்று ஆசைப்பட்டதெல்லாம் போட்டோம், ஒன்றும் விழவில்லை.

ஜூலை 5-ஆம் தேதி முந்துபவருக்கு முதலில் என்ற விற்பனை, தோஹா நேரம் பகல் 12 மணிக்கு. நமக்கு இரண்டரை. அன்றைக்குப் பார்த்து எங்கள் தெருவில் கரண்ட் இல்லை. அண்ணா நகரில் இருக்கும் அக்கா வீட்டுக்கு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். உள்ளே போனதும் வரிசையில் நிற்க வைத்துவிடுவார்கள். நகரவே நகராது. பொறுமை இழந்து பக்கத்தை ரீஃபிரெஷ் செய்தால் வரிசையில் பின்னால் போய்விடும் அபாயம் உண்டு. டீ குடியுங்கள், மவுசைத் தொடாதீர்கள். உள்ளே போனபோது பெரிய ஆட்டங்கள் தீர்ந்திருந்தன. நெதர்லாந்து–ஈக்வடார், துனிசியா–ஆஸ்திரேலியா இரண்டும் இருந்தன. மூன்றாம் வகுப்பு டிக்கெட் 250 ரியால், அன்றைய மதிப்பில் 5,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். யோசிக்கவில்லை, எடுத்துவிட்டோம்.

கார்டு விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2020 அக்டோபரிலிருந்து ரிசர்வ் வங்கி விதிப்படி புதுக் கார்டுகள் உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டுமே திறந்திருக்கும். வெளிநாட்டுப் பரிவர்த்தனையை வங்கிச் செயலியில் நாமே இயக்கி, வரம்பும் வைக்க வேண்டும். இதை முந்தின நாளே செய்துவிடுங்கள். பணம் போனதும் திரும்ப அணைத்துவிடுங்கள். காரணம், வெளிநாட்டுத் தளங்கள் பலவற்றில் ஓடிபி கேட்காமலேயே பணம் எடுத்துவிடுவார்கள். போலித் தளத்துக்குக் கார்டு எண்ணும் பின்னால் இருக்கும் மூன்று இலக்கமும் போதும். நாணய மாற்றுக்கு வங்கி போடும் கூடுதல் கட்டணம் வேறு உண்டு, அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி நம்ம அண்ணன். செப்டம்பர் வாக்கில் ஒரு வாட்ஸ்அப் குழுவில் முளைத்தார். பிரேசில் ஆட்டத்துக்கு நாலாம் வகுப்பு டிக்கெட் இருக்கிறதாம், 40 ரியால் டிக்கெட்டை 150 ரியாலுக்குத் தருவாராம். "ஜிபே பண்ணுங்க, அஞ்சு நிமிஷத்துல பிடிஎஃப் வந்துரும்." தம்பிக்குக் கை பரபரத்தது. தோஹாவில் இருக்கும் அக்கா வீட்டுக்காரரிடம் போனில் கேட்டோம். மாமா சிரித்துவிட்டார். "மாப்ள, நாலாம் வகுப்பு இங்க குடியிருக்கிறவங்களுக்கு மட்டும்தான். ஒனக்கு எப்படிக் கொடுப்பான்?"

அது ஒன்று. பிடிஎஃப் இன்னொன்று. அந்தப் போட்டியின் டிக்கெட் ஃபிஃபாவின் டிக்கெட் செயலிக்குள்தான் இருந்தது. யார் பெயரில் எடுத்தோமோ அவர் கணக்கில் இருக்கும். கூட வருபவருக்கு மாற்றுவதென்றாலும் செயலி வழியாகத்தான். அதனால் ஒருவர் அனுப்பும் படம் அச்சு அசலாக இருந்தாலும் அது டிக்கெட் ஆகாது. விற்பவர் யோக்கியரா, குரல் எப்படி, எத்தனை பேர் நன்றி சொல்லியிருக்கிறார்கள் என்றெல்லாம் நாங்கள் ஆராயவே தேவைப்படவில்லை. போதாததற்கு அனுமதியில்லாமல் டிக்கெட் விற்பது கத்தாரில் சட்டப்படி குற்றம். குழுவில் சிலர் பணம் போட்டார்கள், அண்ணன் மறைந்தார். அப்படிப் போட்டவர்கள் நேரம் கடத்தாமல் 1930-க்கு அழைக்க வேண்டும். சைபர் குற்ற உதவி எண் அது. வெட்கப்பட்டு ஒரு வாரம் கழித்து அழைத்தால் பணம் பல கை மாறியிருக்கும்.

பிரேசில் ஆட்டமும் கிடைத்தது, நேர்வழியில். போக முடியாதவர்கள் டிக்கெட்டைத் திரும்ப விற்க ஃபிஃபாவே தன் தளத்தில் இடம் வைத்திருந்தது. திடீரென ஒன்று தோன்றும், கூடையில் போடுவதற்குள் காணாமல் போகும். தம்பி ராத்திரி முழிப்பில் கெட்டிக்காரன். பிரேசில்–சுவிட்சர்லாந்துக்கு அவன்தான் பிடித்தான்.

டிக்கெட் மட்டும் இருந்தால் நாட்டுக்குள் விடவில்லை. நவம்பர் 1 முதல் வழக்கமான விசிட் விசாவை நிறுத்தியிருந்தார்கள். ஹய்யா கார்டு இருந்தால்தான் நுழைவு, அதற்கு டிக்கெட்டும் தங்குமிடமும் உறுதியாகியிருக்க வேண்டும். சொந்தக்காரர் வீட்டில் தங்குகிறோம் என்று வாயால் சொன்னால் போதாது. மாமா தன் வீட்டைப் பதிந்து, எங்கள் பாஸ்போர்ட் எண்களை விருந்தாளிகளாகச் சேர்த்த பிறகுதான் அனுமதி வந்தது. மெட்ரோவும் அந்தக் கார்டில் இலவசம்.

மதுரையிலிருந்து நேர் விமானம் கிடையாது, பாண்டியனில் சென்னை போய் ஏறினோம். மைதானத்துக்கு பவர் பேங்க் கையோடு எடுத்துப் போனோம், செல்போன் அணைந்தால் டிக்கெட்டும் அணைந்த மாதிரிதானே. சரக்குப் பெட்டகங்களை அடுக்கிக் கட்டிய 974 மைதானத்தில் 83-ஆவது நிமிடம் கசெமிரோ அடித்த கோலுக்குத் தம்பி போட்ட கூச்சலில் எனக்குக் காது அடைத்துவிட்டது.

2026-க்கு வருகிறேன். ஜூன் 11 முதல் ஜூலை 19 வரை அமெரிக்கா, கனடா, மெக்சிகோவில் 48 அணிகள், 104 ஆட்டங்கள். இந்த முறை ஃபிஃபாவின் மறுவிற்பனைத் தளத்தில் பொதுவாக விலையை விற்பவரே வைக்கிறார். அதில் விற்பவரிடம் 15 சதவீதம், வாங்குபவரிடம் 15 சதவீதம் ஃபிஃபா எடுத்துக்கொள்கிறது. ஏமாற மாட்டோம், ஆனால் பர்ஸ் காலியாகலாம். என்னைக் கேட்டால் இது அடாவடி. ஆனாலும் வெளியே போய் வாங்குவதற்கு அது காரணமாகாது.

அப்புறம் விசா. கத்தாரில் டிக்கெட் எடுத்ததும் ஹய்யாவே விசா வேலையைப் பார்த்துக்கொண்டது. அமெரிக்காவுக்கு அப்படியில்லை, டிக்கெட் கையில் இருந்தாலும் விசா மறுக்கப்படலாம். அமெரிக்க விசா இருந்தால் இந்தியர்களுக்கு மெக்சிகோவுக்குத் தனி விசா வேண்டாம், கனடாவுக்கு வேண்டும். ஆகவே விசாவை முதலில் பாருங்கள், அதன் பிறகு டிக்கெட்டுக்குக் கார்டைத் திறக்கலாம் என்று சொல்கிறேன். கேட்டவர்களில் பாதிப் பேர் இந்த இடத்தில் டிவியிலேயே பார்த்துக்கொள்கிறோம் என்று எழுந்து போய்விட்டார்கள்.