பழைய விசா இன்னும் உயிரோடுதான் இருக்கிறது

ஆஸ்திரேலியாவில் படிக்கும் தம்பி, தங்கைகளே! மாணவர் விசா செல்லுபடியாகும்போதே அடுத்த விசாவுக்கு அங்கிருந்தே விண்ணப்பித்தால், பெரும்பாலும் பிரிட்ஜிங் விசா ஏ கிடைக்கும்; முடிவு வரும்வரை அங்கே தங்கவிடும் இடைக்கால விசா அது. மின்னஞ்சலில் அந்தக் கடிதம் வந்ததுமே எல்லாம் மாறிவிட்டதாகப் பலர் எண்ணிவிடுகிறார்கள். மாறவில்லை! மாணவர் விசா முடியும்வரை அதன் நிபந்தனைகள்தான் செல்லும். விசா நிபந்தனைகளைக் காட்டும் அரசின் வேவோ (VEVO) தளத்தில் பாருங்கள். 8105 என்ற எண் இருக்கும். படிப்பு நடக்கும் காலத்தில் இரு வாரங்களுக்கு 48 மணி நேரம்தான் வேலை என்ற வரம்பு அது. பிரிட்ஜிங் விசா கடிதத்தை நம்பிக் கூடுதல் ஷிப்ட் ஏற்காதீர்கள்.

எனக்குப் பெரிய கவலை பயணம்தான். மாணவர் விசா முடிந்து, பிரிட்ஜிங் விசா ஏ மட்டும் இருக்கும் நிலையில் நாட்டைவிட்டு வெளியேறினால் அதுவும் அத்தோடு போய்விடும். அதை வைத்துத் திரும்பி வர முடியாது. வீட்டில் கல்யாணமோ துக்கமோ, விமானம் ஏறும் முன், போய்த் திரும்பி வர அனுமதிக்கும் பிரிட்ஜிங் விசா பி வாங்கிவிடுங்கள். தனிக் கட்டணம் உண்டு, கட்டிவிடுங்கள்.