மொய் நோட்டும் வில்லங்கச் சான்றும்

பெரியவர்களின் வாழ்க்கையைக் கேட்டு எழுதிப் புத்தகமாக்கித் தருவது என் தொழில். பெரும்பாலும் பிள்ளைகள் வந்து, அப்பாவைப் பற்றியோ அம்மாவைப் பற்றியோ எழுதித் தரச் சொல்வார்கள். "இதையே நாவலா எழுதிடலாமே, இன்னும் நல்லா வருமே" என்று சொல்பவர்கள் உண்டு. வரலாம். ஆனால் நடந்ததைத் தேடிப்போய்க் கண்டுபிடித்து, அதற்கு மேல் ஒரு வார்த்தை சேர்க்காமல் எழுதுவதில்தான் எனக்கு ருசி.

உட்கார்ந்தவுடன் "உங்கள் வாழ்க்கையில் மறக்க முடியாத நாள் எது?" என்று கேட்டால் எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள். கஷ்டப்பட்டோம், கடவுள் புண்ணியத்தில் பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்கள். அதனால் நான் வேலையைப் பற்றித்தான் முதலில் கேட்பேன். திருத்துறைப்பூண்டிப் பக்கம் கிராம நர்ஸாக இருந்து ஓய்வுபெற்ற ஓர் அம்மாவிடம், "ராத்திரி பிரசவத்துக்கு ஆள் வந்து கூப்பிட்டால் பையில் முதலில் எதை எடுத்து வைப்பீர்கள்?" என்று கேட்டேன். கத்தரிக்கோல், நூல், டெட்டால் என்று சொல்லிக்கொண்டே வந்தவர், டார்ச் லைட்டில் நின்றுவிட்டார். பேட்டரிக் கட்டை தீர்ந்துபோனால் வெயிலில் காயவைத்து இன்னும் இரண்டு நாள் ஓட்டுவாராம். மழைக்காலத்தில் வெயில் ஏது? அரிக்கேன் விளக்குதான். ஒரு கையில் விளக்கு, ஒரு கையில் பை, வரப்பில் சேறு. அப்புறம் நான் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. வழித்துணைக்கு வந்தவர்கள், பிழைக்காமல் போன ஒரு தாய், வராத சம்பளம் என்று எல்லாம் அந்த விளக்கைப் பிடித்துக்கொண்டே வந்தன.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் உ.வே.சா. அவருடைய ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை 1876இல் மறைந்தார். மாணவர் அவருடைய சரித்திரத்தை இரண்டு பாகங்களாக வெளியிட்டது 1933, 1934இல். அரை நூற்றாண்டுக்கு மேல் ஒருவரை மனதில் வைத்திருந்து, செய்தி சேர்த்து எழுதியிருக்கிறார். பிறகு 1940இல் ஆனந்த விகடனில் தன் கதையைத் தொடங்கி, 1942இல் காலமாகும் வரை எழுதினார். அதில் எண்ணெய்க் குளியல் பற்றி ஓர் இடம் வரும். ஆசிரியர் குளிக்க உட்கார்ந்திருக்கிறார், எண்ணெய் வரவில்லை. விசாரித்தால் வீட்டில் எண்ணெயே இல்லை. மாணவர் தன் கையிலிருந்த காசில் வாங்கி வந்து வைக்கிறார். அவ்வளவுதான். அத்தனை பெரிய புலவரின் வறுமையை அந்த இல்லாத எண்ணெய் சொல்லிவிடுகிறது. வறுமையில் வாடினார் என்று பத்துப் பக்கம் எழுதியிருந்தாலும் எனக்கு இப்படி உறைத்திருக்காது.

ஞாபகத்தை மட்டும் நம்பவும் முடியாது. அந்தக் காலத்துப் பள்ளிச் சான்றிதழில் உள்ள பிறந்த தேதி பல பேருக்கு வாத்தியார் போட்ட தேதி. டெல்டாவில் வருடத்தைப் புயலை வைத்துச் சொல்வார்கள். அதிலும் எந்தப் புயல் என்று பார்க்க வேண்டும். 1952 நவம்பர் 30ஆம் தேதி ஒன்று, 1977 நவம்பர் 12ஆம் தேதி ஒன்று, இரண்டுமே நாகப்பட்டினம் பக்கம் அடித்தவை. நர்ஸ் அம்மா இரண்டையும் 'பெரிய புயல்' என்றே சொல்வார். அவருடைய அக்கா கல்யாணம் எந்தப் புயலை ஒட்டி என்று பார்க்க, பரணிலிருந்து மொய் நோட்டை எடுத்தோம். முதல் பக்கத்தில் மஞ்சள் தடவி, 'நந்தன வருஷம் தை மாதம்' என்று எழுதியிருந்தது. அப்படியென்றால் 1953 ஜனவரி வாக்கில், முதல் புயல் அடித்து ஓடிய சூட்டில் நடந்த கல்யாணம். ஒரு ரூபாய், எட்டணா என்று வரிசையாக மொய். சிலர் அரிசியாகக் கொடுத்திருக்கிறார்கள்.

அந்த நோட்டு வேறொரு கதவையும் திறந்தது. நர்ஸ் அம்மாவின் அப்பா நிலத்தைச் சீட்டாட்டத்தில் விட்டார் என்பது அந்தக் குடும்பத்தில் எல்லாரும் சொல்கிற கதை. அம்மாவும் அப்படித்தான் சொன்னார், கொஞ்சம் கசப்போடு. சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டுப் பழைய வருடங்களுக்கு வில்லங்கம் தேடச் சொன்னோம். நாளாயிற்று, ஆனால் கிடைத்தது. அடமானப் பத்திரம் 1952 டிசம்பர் கடைசியில் எழுதப்பட்டிருந்தது. நகல் வாங்கிப் படித்தால், கடன் 'குடும்பச் செலவுக்காக' என்று இருக்கிறது. பத்திரங்களில் வழக்கமாக எழுதுகிற சொல்தான் அது.

இங்கேதான் கை பரபரக்கும். சம்பா பயிர் புயலில் போனது, நாள் குறித்த கல்யாணத்தை நிறுத்த முடியாத தகப்பன் கண்ணீரோடு கைநாட்டு வைத்தார் என்று எழுதிவிடலாம். படிக்கிறவர்கள் அழுவார்கள். ஆனால் அவர் அழுதாரா என்று எனக்குச் சொல்ல யாரும் உயிரோடு இல்லை. சீட்டாடியிருக்கவும் கூடும், அதற்கும் சாட்சி இல்லை. ஆகவே புயல் அடித்த நாள், அடமானம் வைத்த நாள், மொய் நோட்டு சொல்லும் மாதம், மூன்றையும் அடுத்தடுத்த வரிகளில் வைத்தேன். சீட்டாட்டக் கதையையும், யார் யார் அதைச் சொன்னார்கள் என்பதோடு சேர்த்தே எழுதினேன். செத்துப்போனவர் எழுந்து வந்து மறுக்கப் போவதில்லை. அதனாலேயே அவர் விஷயத்தில் கூடுதலாக ஒரு சொல்லும் சொல்லக் கூடாது என்று நினைக்கிறேன், பழியானாலும் சரி, புகழானாலும் சரி.

எழுதி முடித்ததும் முழுவதையும் அவர்களுக்கே படித்துக் காட்டுவது என் வழக்கம். அந்த இடம் வந்தபோது அம்மா மறுபடி படிக்கச் சொன்னார். பிறகு, "தம்பி, அந்த நிலத்தை யார் மீட்டாங்கன்னு பார்த்தீங்களா?" என்று கேட்டார். அதற்கும் மனுப் போட்டிருக்கிறோம்.