இரண்டாவது கையெழுத்து

உள்ளாட்சியில் சமூக நீதி என்றதும் எல்லோர் கண்ணும் தலைவர் நாற்காலி மேல்தான் போகிறது. அதற்குக் காரணம் இருக்கிறது. 1996 தேர்தலில் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டதும் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஊர்கள் பத்து வருடம் முரண்டு பிடித்தன. மனுத் தாக்கல் நடக்காது. நடந்தால் ஜெயித்தவர் கையோடு ராஜினாமா செய்வார். 2006 அக்டோபரில்தான் அது முடிவுக்கு வந்தது. மதுரை மாவட்டம் மேலவளவில் பட்டியல் சாதித் தலைவர் முருகேசனையும் மேலும் ஐந்து பேரையும் 1997 ஜூன் 30 அன்று வெட்டியே கொன்றார்கள்.

இன்று நாற்காலியைத் தடுப்பது அவ்வளவு சுலபமில்லை. தடுப்பு வேறு இடத்துக்கு நகர்ந்துவிட்டது: ஊராட்சிப் பணத்தை எடுக்கத் தேவைப்படும் இரண்டாவது கையெழுத்துக்கு.

தமிழ்நாட்டில் கிராம ஊராட்சித் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கிறார்கள். அரசியலமைப்பின் 243டி பிரிவு உறுப்பினர், தலைவர் பதவிகளுக்கு ஒதுக்கீட்டைச் சொல்கிறது; துணைத் தலைவரைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் பட்டுவாடாவுக்குத் தலைவர், துணைத் தலைவர் இருவர் ஒப்பமும் வேண்டும். தலைவர் நாற்காலி தனித்தொகுதி ஆன ஊரில், ஆதிக்க சாதி தன் ஆளைத் துணைத் தலைவராக உட்கார வைத்துவிட்டால் போதும்.

பிறகு நடப்பது பழகிப்போன கதை. போர்வெல் மோட்டார் காயில் எரியும். கடனுக்குச் சரிசெய்த மெக்கானிக் பில் கொடுப்பார். துணைத் தலைவர் 'பார்க்கலாம்' என்பார். அடுத்த முறை மெக்கானிக் வரமாட்டார். குடம் காலியாக இருக்கும்போது ஊர் துணைத் தலைவரைத் திட்டாது. 'அந்தம்மாவுக்கு நிர்வாகம் தெரியல' என்றுதான் பேசும். பேச்சு முற்றியதும் வார்டு உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேர் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 205-வது பிரிவின்கீழ் தலைவரை நீக்கச் சொல்லி மாவட்ட ஆட்சியரிடம் மனு கொடுப்பார்கள். கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டையில் பட்டியல் சாதிப் பெண் தலைவரைத் தரையில் உட்கார வைத்த படம் 2020-ல் வெளியானபோது நாடே கொதித்தது. கையெழுத்து மறுப்புக்குப் படம் கிடையாது, அதனால் செய்தியும் கிடையாது.

இதற்கு மருந்து காகிதம்தான். பில்லைத் துணைத் தலைவருக்குத் தேதியிட்ட கடிதத்தோடு, பெற்றுக்கொண்டதற்குச் சான்று கிடைக்கும்படி ஸ்பீட் போஸ்டில் அனுப்ப வேண்டும். அடுத்த மன்றக் கூட்டத்தின் பொருள் நிரலில் அதே செலவைச் சேர்த்து, யார் என்ன காரணம் சொல்லி மறுத்தார்கள் என்பதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வைக்க வேண்டும். இந்த இரண்டின் நகலோடு ஆட்சியருக்கு மனு. ஊராட்சிகளின் ஆய்வாளர் என்ற முறையில் ஒப்பமிடும் அதிகாரத்தை மாற்றித்தர அவரால் முடியும். மனுவில் ஒரு வரி முக்கியம்: 'துணைத் தலைவரின் ஒப்பத்துக்கு மட்டும் மாற்று ஏற்பாடு'. பொத்தாம்பொதுவாக 'நடவடிக்கை எடுக்கவும்' என்று முடித்தால் இருவர் அதிகாரமும் சேர்ந்தே வட்டார வளர்ச்சி அலுவலரிடம் போய்விடலாம். அப்புறம் தலைவர் பெயர்ப்பலகையில் மட்டும்தான் இருப்பார்.

அடுத்தது கிராம சபை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்றிருந்த நாட்களோடு மார்ச் 22, நவம்பர் 1 இரண்டும் 2022-ல் சேர்ந்தன. கோரம், அதாவது கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தது எத்தனை பேர் வர வேண்டும் என்பது, மக்கள்தொகையைப் பொறுத்தது: 500 வரை 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. இந்த எண்ணிக்கையைக் காட்டத்தான் நூறு நாள் வேலைக்கு வந்தவர்களை உட்கார வைத்துக் கையெழுத்து வாங்குவது. பெயர்கள் முதலில் விழும், தீர்மானம் சாவகாசமாகப் பிறகு எழுதப்படும். வெற்றுப் பக்கத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். தீர்மானத்தை வாசிக்கச் சொல்லுங்கள். கடைசி வரிக்கும் முதல் கையெழுத்துக்கும் நடுவே இடம் இருந்தால் கோடு அடிக்கச் சொல்லுங்கள். முடிந்ததும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அங்கே வாசிக்கப்படும் வரவு செலவு அறிக்கையான படிவம் 30-ஐக் காதில் வாங்கினால் மட்டும் போதாது. குடிநீர்ப் பராமரிப்பு இவ்வளவு, தெருவிளக்கு இவ்வளவு என்று வாசித்துக்கொண்டே போவார்கள். எந்தக் குடியிருப்புக்கு எவ்வளவு என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. மேல்நிலைத் தொட்டியின் குழாய் பல ஊர்களில் ஊர்த்தெருவில் தொடங்கிக் காலனியில் முடிகிறது. தனி கேட் வால்வு இல்லையென்றால், மேட்டுப் பக்கம் எல்லாக் குழாயும் திறந்திருக்கும்வரை கடைசி வீட்டில் காற்றுதான் வரும். தொட்டியைப் பெரிதாக்கினாலும் இது தீராது. காலனிக்கெனத் தனி லைனும் வால்வும் போட்டு, திறக்கும் நேரத்தைச் சுவரில் எழுதிவைக்க வேண்டும். 'குடிநீர் வசதி மேம்படுத்த வேண்டும்' என்று தீர்மானம் எழுதினால் அது எங்கேயும் போகாது. தெருப் பெயர், குழாயின் நீளம், வால்வு எண்ணிக்கை வரை எழுதினால்தான் மதிப்பீடு தயாராகும்.

தேர்ந்தெடுத்த மன்றம் இல்லாத காலத்தில், 2016-க்கும் 2019-க்கும் இடையே நடந்ததுபோல, அரசு நியமிக்கும் தனி அலுவலர்தான் எல்லாம். திட்டுவதற்குக்கூட ஊருக்குள் ஆள் இருக்காது. அப்போதும் கிராம சபையைக் கூட்டத் தடையில்லை. தீர்மானப் புத்தகமும் ஊராட்சிச் செயலரிடம்தான் இருக்கும். நகல் தர மறுத்தால் 10 ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமை மனு போடலாம். பதிலுக்குக் கெடு 30 நாள். 'தீர்மானப் புத்தகத்தின் இந்தத் தேதிப் பக்கங்கள், வருகைக் கையெழுத்துகளுடன்' என்று கேளுங்கள். கையெழுத்துப் பக்கத்தைக் கேட்காவிட்டால் தட்டச்சு செய்த சுருக்கம்தான் கைக்கு வரும்.