10 வெள்ளிக்கு ஒரு வானவில்

ஞாயிறு காலை, பினாங்கு லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில் உடைந்த பைனாகுலர் ஒன்று 10 வெள்ளிக்கு (ரிங்கிட்) கிடைத்தது. பிரித்தால் உள்ளே நான்கு பட்டகங்கள், முக்கோணக் கண்ணாடிக் கட்டிகள்! ஒன்றில் மூலை சில்லு போயிருந்தது. பரவாயில்லை.

ஜன்னல் இடுக்கில் விழுந்த வெயிலில் ஒன்றைப் பிடித்துத் திருப்பினேன். சமையலறைச் சுவரில், மிளகாய்த்தூள் டப்பாவுக்கு மேல், வானவில்.

"மாமா, கண்ணாடிக்குள்ள சாயம் இருக்கா?" என்றான் தங்கச்சி மகன். நியூட்டனுக்கு முன்பு பெரியவர்களே கிட்டத்தட்ட அப்படித்தான் நினைத்தார்கள். உண்மையில் நிறங்கள் வெயிலிலேயே கலந்திருக்கின்றன. கண்ணாடிக்குள் நுழைந்து வெளியேறும்போது ஊதா, சிவப்பைவிடக் கொஞ்சம் அதிகமாக வளைகிறது. சாதாரணக் கண்ணாடியில் ஒளிவிலகல் எண் (ஒளி எவ்வளவு வளையும் என்பதன் அளவு) சிவப்புக்குச் சுமார் 1.51, ஊதாவுக்கு 1.53. அந்த 0.02 பண்ணும் ஜாலம்தான் இவ்வளவும்.

இன்னொரு பட்டகத்தைத் தலைகீழாக ஒட்டி வைத்தேன். நிறங்கள் சேர்ந்து வெள்ளைத் திட்டு. ஓரங்களில் மட்டும் மெல்லிசாகச் சிவப்பும் நீலமும்.

பையன் சுவரைத் தடவிப் பார்த்தான். "எல்லாம் எங்க போச்சு மாமா?"