நாய் சிறுநீரும் கருகும் புல்தரையும்

வீட்டு முன்புறம் கொரியன் புல் போட்டு, கூடவே லேப்ரடாரோ ராஜபாளையமோ வளர்ப்பவர்களுக்கு இந்தத் திட்டுகள் நன்றாகத் தெரியும். நடுவில் வைக்கோல் நிறத்தில் காய்ந்த வட்டம், அதைச் சுற்றி மற்ற இடத்தைவிட அடர்ந்த பச்சையில் ஒரு வளையம். காரணம் அந்த வளையத்திலேயே தெரிகிறது. ஓரத்தில் உரமாக இறங்கிய நாய் சிறுநீர், நடுவில் அளவு மீறிப் புல்லைக் கொன்றிருக்கிறது.

சிறுநீரின் அமிலத்தன்மைதான் புல்லைக் கருக்குகிறது என்று பலரும் நம்புகிறார்கள். அது சரியல்ல. கருக்குவது யூரியாவும் அதோடு சேர்ந்த உப்புகளும். புல்தரைக்கு ஒரு தடவைக்குச் சதுர மீட்டருக்கு 10 கிராம் யூரியா போதும். அந்தக் கணக்கில் 20 செ.மீ. வட்டத்துக்கு 0.3 கிராம்தான் வேண்டும். 30 கிலோ நாய் ஒரு நாளில் 600 முதல் 1,200 மில்லி வரை சிறுநீர் கழிக்கும். ஒரு தடவைக்கு 200, 300 மில்லி வரலாம். அதில் பல கிராம் யூரியா இருக்கும். தேவையைப் போலப் பத்து மடங்குக்கும் மேல், ஒரே இடத்தில், ஒரே நொடியில் இறங்குகிறது. பெண் நாயால்தான் அதிகம் கருகுகிறது என்பதற்கும் இதுவே விளக்கம். அது உட்கார்ந்து மொத்தத்தையும் ஓரிடத்தில் விடும். வளர்ந்த ஆண் நாய் காலைத் தூக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகப் பத்து இடத்தில் விடும். குட்டிகள் ஆணானாலும் பெண்ணானாலும் உட்கார்ந்தே போகும்.

வேலையைத் தொடங்குமுன் அது நாயால் வந்த திட்டுதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். காய்ந்த புல்லைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். சிறுநீர்த் திட்டில் புல் செத்திருந்தாலும் வேர் மண்ணைப் பிடித்திருக்கும். பாயைச் சுருட்டுவதுபோல் புல் கையோடு வந்தால், அடியில் வேர்ப்புழு இருக்கிறது; மண்ணைக் கிளறினால் வளைந்த வெள்ளைப் புழுக்கள் தெரியும். பச்சை வளையமே இல்லாமல் திட்டு நாளுக்கு நாள் பெரிதாகிக்கொண்டே போனால் பூஞ்சைநோயைச் சந்தேகிக்கலாம். இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

சிறுநீர்க் கருகலுக்கு நம்பகமான மருந்து தண்ணீர் ஒன்றுதான், அதுவும் உடனே. நாய் எழுந்து நகர்ந்ததும் பூவாளியில் மூன்று லிட்டர் தண்ணீரை அந்த இடத்திலும் சுற்றி ஒரு சாண் அகலத்திலும் நிதானமாக ஊற்றுங்கள். வேகமாகக் கொட்டினால் மேலோடு ஓடிவிடும். வேருக்குக் கீழே இறங்கினால்தான் பயன். சில மணி நேரம் கழித்து ஊற்றினாலும் ஓரளவு காப்பாற்றலாம். மறுநாள் ஊற்றிப் பெரிய பலன் இல்லை.

எந்தத் தண்ணீர் என்பதையும் பார்க்க வேண்டும். ஆர்ஓ இயந்திரத்தின் கழிவுநீரைத் தோட்டத்துக்கு விடும் வழக்கம் நகரங்களில் நிறைய இருக்கிறது. உப்பைக் கழுவ வேண்டிய இடத்தில் உப்புத் தண்ணீரையே ஊற்றுவது புல்லை இன்னும் வாட்டும். கடற்கரையோரத்து உவர்ப்பான போர்வெல் தண்ணீரும் அப்படித்தான். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு அநேகமாக இல்லை. ஒரு வாளியில் பிடித்துப் பூவாளியோடு பக்கத்திலேயே வையுங்கள். கரிசல் மண்ணில் தண்ணீர் தேங்கி நின்றால், நீண்ட இரும்புக் கம்பியால் ஒரு கை ஆழத்துக்கு ஏழெட்டுத் துளை போட்டுவிட்டு ஊற்றுங்கள். ஜிப்சம் தூவச் சொல்வார்கள். களர் மண்ணில் சோடியத்தை விலக்க அது உதவும். யூரியாவை அது முறிக்காது.

ஏற்கெனவே காய்ந்துபோன திட்டு என்றால், முதலில் பொறுமை. தினமும் நனைத்து இரண்டு மூன்று வாரம் பாருங்கள். பெர்முடா எனப்படும் அருகம்புல் எளிதில் கருகும். ஆனால் ஓடுதண்டு உயிரோடிருந்தால் வெயில் காலத்திலேயே ஓரத்திலிருந்து ஓடிவந்து மூடிவிடும். கொரியன் புல் அப்படியல்ல. அது மிக மெதுவாகப் படரும், ஒரு சாண் அகலத் திட்டு மூடவே மாதக்கணக்காகும். அதற்குக் காத்திருக்காமல் ஒட்டுப்போடுவதே மேல்.

செத்த புல்லை அரித்தெடுங்கள். 5 செ.மீ. மேல்மண்ணை வெட்டி அப்புறப்படுத்தி, குழியில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி முழுக்க வடிய விடுங்கள். பிறகு செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, நன்றாக மக்கிய எரு ஒரு பங்கு கலந்து நிரப்புங்கள். பச்சைச் சாணம் வேண்டாம். அது மறுபடி அம்மோனியாவைக் கொண்டுவரும். நர்சரியில் வாங்கிய கொரியன் புல்லை வேர்மண்ணோடு 5 செ.மீ. துண்டுகளாக வெட்டி, இரண்டு விரல் இடைவெளியில் பதித்து அழுத்தி மிதியுங்கள். பெர்முடா என்றால் மூன்று கணு உள்ள தண்டுகளைப் புதைத்தாலே போதும். ஒரு மாதத்துக்கு உரம் கூடாது. நாயும் அந்தப் பக்கம் வராமல் தடுப்பு வைக்க வேண்டும். பெரும்பாலான ஒட்டுகள் இந்த ஒன்றில்தான் தோற்கின்றன. கத்திரி வெயிலில் இந்த வேலையைத் தொடாதீர்கள்.

புல்தரைக்கு யூரியாவைத் தாராளமாகப் போடும் வீடுகளில் கருகலும் அதிகம். மண்ணில் இருப்பதோடு நாய் விடுவதும் சேர்ந்து எல்லையைத் தாண்டிவிடும். உரமே போடாவிட்டால் வெளிறிய தரையில் அடர்பச்சைப் புள்ளிகள் தெரியும். பாதி அளவாகப் பிரித்துப் போடுவது இரண்டுக்கும் நடுவழி.

நிரந்தரத் தீர்வு நாய்க்குத் தனி மூலை. கிணறு, போர்வெல், சம்ப் மூன்றுக்கும் தள்ளி, மர நிழலில் இரண்டு மீட்டர் சதுரம் போதும். 20 செ.மீ. தோண்டி, பெரிய ஜல்லியைக் கீழே பரப்பி, மேலே மணலோ பொடி ஜல்லியோ போடுங்கள். வெயிலில் இருக்கும் ஜல்லி பாதத்தைச் சுடும். ஒருமுறை சுட்டால் நாய் அந்தப் பக்கமே போகாது. சிறுநீரில் நனைத்த செய்தித்தாளை அங்கே வையுங்கள். விடிந்ததும் கயிற்றில் கட்டி நேராக அங்கே கூட்டிப்போங்கள். இரவெல்லாம் தேங்கிய முதல் சிறுநீர்தான் அடர்த்தி மிகுந்தது. அது ஒன்று மூலைக்குப் போனாலே பாதி புல் பிழைக்கும். முடித்த அந்த நொடியே தீனி கொடுக்க வேண்டும், வீட்டுக்குள் வந்தபின் கொடுத்தால் எதற்கென்று அதற்குப் புரியாது. தினமும் ஒரு வாளித் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். மழைக்காலத்தில் செருப்பும் கையுறையும் அவசியம், எலிக்காய்ச்சல் நாயின் சிறுநீர் வழியாகவும் பரவும். அதற்கான தடுப்பூசி நாய்க்குப் போட்டாயிற்றா என்றும் பாருங்கள்.

சிறுநீரின் தன்மையை மாற்றுவதாகச் சொல்லி விற்கும் மாத்திரை, வினிகர், பேக்கிங் சோடா எதையும் மருத்துவர் சொல்லாமல் கொடுக்க வேண்டாம். பிரச்சினை அமிலமே இல்லாதபோது இவற்றால் புல்லுக்குப் பயனில்லை. நாய்க்குச் சிறுநீர்ப்பைக் கல் வரக்கூடும். தக்காளி நல்லது என்று ரசம் சாதம் போடுவது அதைவிட மோசம், பூண்டும் வெங்காயமும் நாய்க்கு நஞ்சு. அதிகம் தண்ணீர் குடிக்கட்டும் என்று உப்பைக் கூட்டவும் கூடாது. சாப்பாட்டிலேயே ஒரு டம்ளர் தண்ணீரைக் கலந்து கொடுங்கள், வீட்டில் இரண்டு மூன்று இடத்தில் கிண்ணம் வையுங்கள்.

எதுவும் செய்யாமலேயே சிறுநீர் நீர்த்துப்போய்த் திடீரென்று புல் கருகுவது நின்று, நாய் ஓயாமல் தண்ணீர் குடித்தால் சும்மா விடாதீர்கள். எடையில் கிலோவுக்கு 100 மில்லிக்கு மேல், அதாவது 30 கிலோ நாய் நாளைக்கு மூன்று லிட்டருக்கு மேல் குடித்தால், சர்க்கரை நோயா சிறுநீரகக் கோளாறா என்று பார்க்க வேண்டும். காலையின் முதல் சிறுநீரைச் சுத்தமான குப்பியில் பிடித்து அன்றே மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.