புரட்டாசியில் நகர்ந்த கோடு

முதல் செமஸ்டர் இன்டர்னலில் நுண்ணினப் பொருளியல் பேப்பரில் ஐந்து மார்க் கேள்வி ஒன்றுக்கு முட்டை வாங்கினேன். தேவை விதியை உதாரணத்தோடு விளக்க வேண்டும். விலை குறைந்தால் வாங்கும் அளவு கூடும் என்று எழுதிவிட்டு, "இது மீனுக்குப் பொருந்தாது, புரட்டாசியில் விலை இறங்கியும் யாரும் வாங்குவதில்லை" என்று சொந்தச் சரக்கையும் சேர்த்தேன்.

நான் கண்ணால் பார்த்ததுதான் அது. அம்மா விடியுமுன் காசிமேட்டு ஏலத்தில் எடுத்து வந்து எங்கள் தெருமுனையில் விற்கிறாள். புரட்டாசி பிறந்தால் சங்கராவைக் கூறு போட்டு வைத்தும் நகராது. "மாசம் முடியட்டும்மா" என்று கடந்து போய்விடுவார்கள்.

மேடம் திட்டவில்லை. "'பிற காரணிகள் மாறாதிருக்கும்போது'ன்னு ஒரு வரி இருக்கே, அதை விட்டுட்டியே" என்றார். நான் எப்போதும் தாண்டிப்போகிற வரி அது. விரதம் வந்தால் விருப்பமே மாறிவிடுகிறது. எந்த விலைக்கு எவ்வளவு வாங்குவார்கள் என்று காட்டும் தேவைக் கோடு முழுசாக இடப்பக்கம் நகர்கிறது, அதனால்தான் விலையே இறங்குகிறது. நான் தலையையும் வாலையும் மாற்றிப் பிடித்திருந்தேன்.

வீட்டில் அம்மாவிடம் கேட்டேன், "புரட்டாசில யாருமே வாங்கமாட்டாங்கல்ல?"

"யாரு சொன்னது? மத்த மாசமெல்லாம் நெத்திலி கேக்குற பாய் வீட்டம்மா, புரட்டாசிலதான் வஞ்சிரம் எடுப்பாங்க."

அப்போதுதான் பிடிபட்டது. விரதமில்லாத வீட்டுக்குக் கோடு நகரவே இல்லை. விலை இறங்கியதும் அதே கோட்டில் கீழே வந்து கூடுதலாக வாங்குகிறார்கள். புத்தகத்தில் தனித்தனிப் படமாக இருந்த இரண்டும் எங்கள் தெருவில் எதிரெதிர் வீட்டில் நடந்துகொண்டிருந்தன.

மீன்பிடித் தடைக்காலத்தில் நகர்வது, எந்த விலைக்கு எவ்வளவு விற்க வரும் என்று காட்டும் அளிப்புக் கோடு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு போகாது. கேரளப் பக்கத்து மீன் வந்து கொஞ்சம் தாங்கும். ஜூன் 9 நள்ளிரவில் அங்கேயும் தடை தொடங்கிவிடும். அந்தக் கடைசிச் சில நாள் அம்மா பெரும்பாலும் கடையே போடமாட்டாள்.

அப்புறம் வகுப்பில் பொருளியல் அறிஞர் மார்ஷலின் 'அங்காடிக் காலம்' என்ற பாடம் வந்தது. அன்று வந்த சரக்குதான் அன்றைய அளிப்பு, விலை ஏறினாலும் இறங்கினாலும் அளவு மாறாது, அதனால் அளிப்புக் கோடு செங்குத்து. அதற்கு அவரும் மீனைத்தான் உதாரணமாக எடுத்திருக்கிறார்! எனக்குக் கால் தரையில் பாவவில்லை. கையைத் தூக்கி, "ஐஸ் பெட்டி இருந்தா கோடு கொஞ்சம் சாயுமே மேடம்?" என்றேன். பதினொரு மணிக்கு வந்த விலைக்குத் தள்ளுவதா, ஐஸுக்குக் காசு போட்டு நாளைக்கு வைப்பதா என்று அம்மா தினமும் கணக்குப் போடுவாளே. மேடம் சிரித்தார். "சாயும். பரீட்சையில செங்குத்தாவே போடு."

நேற்று நோட்டில் தேவைக் கோடு வரைந்துகொண்டிருந்தேன். செதில் ஒட்டிய கையைத் துடைத்துக்கொண்டே அம்மா எட்டிப் பார்த்தாள்.

"இது எந்த மாசத்துக் கோடு?"

ஓரத்தில் பென்சிலால் 'ஆவணி' என்று எழுதி வைத்தேன்.